முதல் வாக்குமூலம்

அந்த நோட்டீசைக் கிழித்தது நான்தான். ஆடு தின்றுவிட்டது என்று எங்கள் ஒழுங்கையில் இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். அடக்கம் முடிந்த மறுநாள் காலை, ஒழுங்கை முகப்பு மின்கம்பத்தில் பக்கத்து வீட்டு அன்ரியின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'வாழ்நாளில் எவருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத உத்தமி' என்று அடித்திருந்தது. வாசித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெற்றைக்கூடக் கழற்றாமல், நகத்தால் சுரண்டினேன். அந்த ஒரு வரி போனால் போதும் என்றுதான் தொடங்கினேன். கை நிற்கவில்லை.

அந்த நோட்டீஸ் எங்கள் திருச்சபைச் செயலாளர் அடித்தது. அவருக்கு அந்த வசனம் எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியும். அன்ரி அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல் இருந்துவிடவேண்டும் என்று அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் வசனம் பொய். அன்ரி கரைச்சல் கொடுத்திருக்கிறார். நான் அறிய இரண்டு முறை. இரண்டு முறையும் எனக்குத்தான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரி. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் பத்தொன்பது வருடமாக முகாமையாளராக இருக்கிறேன். லொறிக்காரனோடும் வரிசையில் இடையில் புகுகிறவர்களோடும் கத்திக் கத்தி என் தொண்டை கரகரத்துப் போய்விட்டது. இப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து வளவில் ஆண்டவர் கொண்டுவந்து வைத்தது, வாயைத் திறந்து ஒரு முறைப்பாடு சொல்லத் தெரியாத மனுசியை. அன்ரி கலியாணம் கட்டாதவர். நீதிமன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, நேர் வகிடு, கையில் எப்போதும் முகம் துடைக்க மடித்த லேஞ்சி. என் வீட்டுக்கு ஏதும் அலுவலாக வந்தால் வேலிப் படலையில் நிற்பார். கூப்பிடமாட்டார். நான் தற்செயலாக வெளியே வந்து கண்டால்தான் உண்டு.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள் அன்ரி? ஒரு குரல் குடுத்தால் என்ன?"

"நீ வேலையா இருப்பாய் எண்டு பாத்தன். உனக்கேன் கரைச்சல்?"

கரைச்சல் என்ற சொல் ஒரு நாளைக்கு இருபது தரம் அவர் வாயில் வரும். மினிபஸ்ஸில் நெரிசலென்றால் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கமாட்டார். முன்னால் நிற்கிறவர்களை விலகச் சொன்னால் அவர்களுக்குக் கரைச்சல். இரண்டு தரிப்பிடம் தள்ளி, ஆட்கள் குறைந்த பிறகு இறங்கி, வெயிலில் திரும்ப நடந்து வருவார். ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்கப் போனார். கூடப் போனது நான். கதவு திறந்து வெளியே வந்தபோது முகம் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், அதுவும் நான் குடைந்து குடைந்து கேட்டதால், விசயம் வெளியே வந்தது. ஊசி விறைக்கவில்லையாம். விறைக்காமலே பிடுங்கியிருக்கிறார்கள்.

"வாயிலை சொல்லுறதுக்கென்ன? 'நோகுது டொக்டர்' எண்டு சொல்ல என்ன காசா பணமா?"

"அந்தப் பிள்ளை புதுசு. முதல் கிழமையாம். விறைக்கேல்லை எண்டு சொன்னால் அதின்ரை மனம் உடைஞ்சு போயிடும்."

நான் அன்று முழுக்க ஏசினேன். அவர் கன்னத்தில் ஐஸை வைத்துக்கொண்டு, ஏதோ நான் பாட்டுப் பாடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னுடைய கோபத்தால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

இப்படிப்பட்ட மனுசிக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் எங்கிருந்தோ முதுகெலும்பு முளைக்கும். எழுத்தில். அதை நான் கோட்டில், அவர் வேலை செய்த நீதிமன்றத்தில், நேரே கண்டேன். எங்கள் சங்கக்கடையை உடைத்துக் களவெடுத்த வழக்கில் நான் சாட்சி. கூண்டில் ஏறி நின்று, சந்தைக்கடையில் கதைப்பதுபோல மூச்சுவிடாமல் கொட்டத் தொடங்கினேன். தட்டெழுத்துச் சத்தம் நின்றது. அன்ரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அயல்வீட்டுக்காரி என்ற அடையாளமே அந்த முகத்தில் இல்லை.

"மெல்லச் சொல்லுங்கோ. எழுதவேணும்."

நான் மெல்லச் சொன்னேன். மதிலேறிக் குதித்தவன், குற்றவாளிக் கூண்டில் நின்ற எதிரியைப் போல இருந்தான் என்று சொன்னேன். எங்கள் பக்கத்துச் சட்டத்தரணி உடனே எழும்பி, சாட்சி எதிரியை அடையாளம் காட்டுகிறார் என்றார். திரும்பவும் சத்தம் நின்றது. நீதவானைப் பார்த்து அன்ரி எழுந்து நின்றார். யாருக்கும் குரல் கொடுக்காத அதே அன்ரி.

"ஐயா, சாட்சி சொன்னது 'எதிரியைப் போல' எண்டு."

அந்த 'போல'வில் கள்ளன் வெளியே போய்விட்டான். ஆறு மாதத்துக்குள் கோழிக்கடை ஒன்றையும் உடைத்தான். அன்று பின்னேரம் அன்ரியும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மிச்சம் வைத்திருந்த வடையில் பாதியை என் பக்கம் நீட்டினார்.

"கோவியாதை பிள்ளை. சொன்னதைத்தானே எழுதலாம்."

அவர் எனக்குக் கொடுத்த முதல் கரைச்சல் அது. அதற்குப் பிறகு பல நாள், வேலிக்கு மேலால் கதைக்கும்போது கோட்டுக் கதைகள் சொல்வார். ஆட்களின் பெயர் சொல்லமாட்டார். விபத்து வழக்குகள்தான் அவருக்குக் கண்ணீர் வரவைக்கும். அடிபட்ட அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சமாதானமாகிப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாதம் கழித்து முதுகெலும்பு போய்விட்டது என்று வந்து நிற்கிற சனங்கள்.

"முதல் வாக்குமூலம்தான் பிள்ளை வாக்குமூலம். பேந்து வந்து எதைச் சொன்னாலும் ஆரோ சொல்லிக்குடுத்தது எண்டுதான் பாப்பினம். எத்தினை பேர் இப்பிடி அழிஞ்சு போச்சினம். என்ரை கையாலைதான் அடிச்சனான்."

இவ்வளவும் தெரிந்த மனுசி. அதை நினைக்கத்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

விபத்து நடந்தது ஒரு சனிக்கிழமை காலையில். காங்கேசன்துறையில் பழைய சபைக் காணியைத் துப்புரவாக்கி ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். முடிந்ததும் செயலாளர் தன் காரில் அன்ரியை இறக்கிவிடுவதாகச் சொன்னார். அன்ரிக்கு பஸ்ஸில் வரத்தான் விருப்பம். வேண்டாம் என்று சொன்னால் கூப்பிட்டவருக்கு மனவருத்தம் என்று ஏறினார். காரை ஓட்டியது செயலாளரின் அக்கா மகன். லண்டனிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்தவன். ஒரு கையில் சுக்கான், மறு கையில் கைபேசி. அங்கே இருக்கிற பெண்சாதிக்கு வீடியோவில் ரோட்டைக் காட்டிக்கொண்டு ஓட்டினானாம். "பாரும், இதுதான் எங்கடை ஊர்" என்றானாம். எங்கள் ஊர் மாடு ஒன்று தன் பாட்டில் குறுக்கே வந்தது. அவன் சுக்கானை வெட்டித் திருப்பினான். கார் போய் மின்கம்பத்தில் குத்தியது. பின் ஆசனத்தில் தனியே இருந்த அன்ரியின் தலை கதவுக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி உடையவில்லை. இரத்தமும் வரவில்லை.

கம்பம் சரிந்தபடியால் பொலிஸ் வந்தது. இல்லாவிட்டால் அதையும் அமுக்கியிருப்பார்கள். செய்தி கேட்டு நான் கடையைப் பூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு நீட்டு மர வாங்கில் அன்ரி லேஞ்சியைப் பிசைந்தபடி இருந்தார். சார்ஜன் பதிவுப் புத்தகத்தை விரித்து, யாருக்காவது காயமா என்று கேட்டார். காயமென்றால் ஆஸ்பத்திரி, வழக்கு. காரை ஓட்டியவன் நினைத்த நாளுக்குப் பிளேன் ஏற முடியாது. செயலாளர் அன்ரியின் பக்கம் குனிந்தார்.

"அன்ரிக்கு ஒண்டுமில்லைத்தானே? தம்பிக்குச் செவ்வாய்க்கிழமை பிளேன். பிள்ளையள் அங்கை தனிய."

அன்ரி சுற்றிவரப் பார்த்தார். நான் அப்போது விறாந்தையில் நின்று லண்டன்காரனை உரித்துக்கொண்டிருந்தேன். "உமக்குக் கண் எதுக்கு இருக்குது? போன் பாக்கவா? உங்கை லண்டனிலை உப்பிடித்தான் ஓட்டுறனீரா?" என் சத்தம் தாங்காமல் ஒரு பொலிஸ்காரர் வந்து, அம்மா மெல்ல, உள்ளுக்கை எழுத ஏலாமல் கிடக்கு என்றார். உள்ளேயிருந்து அன்ரியின் குரல் எனக்குக் கேட்டது.

"ஒண்டுமில்லை. எழுதுங்கோ."

எழுதினார்கள். அவர் அதை எழுத்தெழுத்தாக வாசித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி, கையெழுத்து வைத்தார். எழுத்துப் பிழையைத் திருத்தத் தெரிந்தது. ஓட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவனை ஏசினேன், செயலாளரை ஏசினேன், மாட்டுக்காரனை ஏசினேன். நடுவில் அன்ரி ஏதோ சொல்ல வந்தார். பேசாமல் வாங்கோ என்று அவரையும் சேர்த்து ஏசிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அதோடு விட்டார்களா? இல்லை. மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் அன்ரி சாட்சி சொல்லவேண்டும் என்று செயலாளர் ஏற்பாடு செய்துவிட்டார். எங்கள் சபையில் அது வழமை. சத்திரசிகிச்சை தப்பினால், சோதனை பாஸானால், விசா கிடைத்தால், எழும்பி நின்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவது. அன்ரி வெள்ளைச் சேலையோடு முன்னால் போய் நின்றார். ஒரு கையில் மைக்கைப் பிடித்து, மறு கையால் மேசையைப் பற்றிக்கொண்டார். கூச்சத்தில் பற்றிக்கொள்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"கர்த்தர் என்னை ஒரு கீறலும் இல்லாமல் காப்பாத்தினார்."

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றோம். நானும்தான். ஆராதனை முடிய லண்டன்காரனின் உபயத்தில் கேக்கும் ரோல்ஸும் கட்லட்டும். அவன் அன்ரியின் காலில் விழாத குறை. செவ்வாய்க்கிழமை பறந்துவிட்டான்.

பொலிஸில் சொன்ன பொய்யை ஒரு மனுசர் மாற்றலாம். சபை நடுவில், ஆண்டவருக்கு நன்றி சொல்லி, எல்லோரும் ஆமென் போட்ட பிறகு எப்படி மாற்றுவது? அன்ரியை அவர்கள் கட்டிப்போட்டது அந்தச் சாட்சியால்தான். இதை வேறு ஊரில் எந்தச் சனமும் செய்யாது. அடிபட்ட மனுசியை வைத்தியரிடம் கூட்டிப்போக முதல் மைக்குக்கு முன்னால் நிறுத்துகிற புத்திசாலிகள் நாங்கள்தான்.

முதலில் காட்டிக்கொடுத்தது ஒழுங்குத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை ஒழுங்கை அன்ரிதான் சபை அலுவலகக் கொம்பியூட்டரில் அடித்துத் தருவார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அடிக்கிறார், ஒரு புள்ளி பிழைத்தது இல்லை. இரண்டாம் கிழமை கீர்த்தனை இலக்கம் மாறியிருந்தது. பாதிச் சபை ஒன்றைப் பாட மீதிச் சபை வேறொன்றைப் பாடியது. மூன்றாம் கிழமை சொற்களில் எழுத்துகள் இல்லை. 'கர்த்தருடைய' என்பதில் 'த்த' காணாமல் போயிருந்தது. செயலாளர் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அன்ரிக்கு வயது போட்டுது. வேறை ஆளைப் பாப்பம்."

வலது காற்செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று விழுந்தது. தேத்தண்ணிக் கோப்பை ஒன்று கையிலிருந்து நழுவியது. கேட்டால், நித்திரை போதாது என்பார். ஒரு நாள் அவர் தனியே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். மேசையில் மருந்து மடித்த கடதாசிச் சரையும் ஆஸ்பத்திரிக் கொப்பியும் இருந்தன. நான் கொப்பியைப் பிரித்துப் பார்த்தேன். தலையிடி என்று போட்டு, அதற்குக் கீழே, விழவில்லை, அடிபடவில்லை என்று டொக்டர் இங்கிலீசில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

"கார் அடிபட்டதை ஏன் சொல்லேல்லை?"

"டொக்டர் மூண்டு தரம் கேட்டவர் பிள்ளை. வடிவாத்தான் கேட்டவர்."

"கேட்டவரெல்லோ! பேந்தென்ன?"

"விபத்தெண்டு சொன்னால் ஆஸ்பத்திரிப் பொலிஸிலை பதிவினம். பேந்து செயலாளரைக் கூப்பிடுவினம். அந்தப் பெடியனை அங்கையிருந்து கூப்பிடுவினம். நான் சாட்சி சொல்லிப்போட்டனே, ஒரு கீறலும் இல்லையெண்டு. கடவுளின்ரை சந்நிதியிலை சொன்னதை எப்பிடி மாத்துறது?"

"கடவுளுக்குக் கண்ணில்லையோ? உங்கடை மண்டைக்குள்ளை என்ன நடக்குதெண்டு அவருக்குத் தெரியாதோ? அவருக்கு உங்கடை செயலாளர்தான் வாசிச்சுக் காட்டவேணுமோ?"

நான் கத்திய கத்தலில் முன்வீட்டு நாய் குரைத்தது. நாளைக்கே போகவேண்டும் என்றேன். ஞாயிறு போகட்டும், ஒழுங்குத்தாள் அடிக்கவேணும் என்று கெஞ்சினார். நான் விட்டேன். எனக்குக் கோபம் வரும், ஏசுவேன், ஏசி முடித்ததும் ஏதோ பெரிய காரியம் செய்து முடித்ததுபோல வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை விடிய அன்ரி என் படலைக்கு வந்து நின்றார். வழமைபோலக் கூப்பிடவில்லை. நான் முற்றம் கூட்டும்போதுதான் கண்டேன். வலது கை தொங்கியது. சேலை ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. அப்படி ஒரு நிலையிலும் அந்த மனுசி படலையில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கத்தினேன். "கார் அடிபட்டது! மூண்டு கிழமைக்கு முந்திக் கார் அடிபட்டது! தலை அடிபட்டது!" கொப்பியில் அடிக்கோடு போட்ட அதே டொக்டர்தான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி ஓடி வந்தார். அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஸ்கான் எடுத்தார்கள். அன்றைக்கே மண்டையில் துளை போட்டு இரத்தத்தை எடுத்தார்கள். முடிந்து வந்த பெரிய டொக்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார்.

"வயது போனவைக்கு மண்டைக்குள்ளை இரத்தம் மெல்ல மெல்லத்தான் கசியும். கிழமைக்கணக்கிலை. வெளியிலை ஒண்டும் தெரியாது. அதுக்குத்தான் அடிபட்டால், நோவு இருக்கோ இல்லையோ, வந்து சொல்லுங்கோ எண்டுறது. ஒரு கிழமை முந்தி வந்திருந்தால் கை தப்பியிருக்கும்."

உயிர் தப்பியது. பேச்சு நாலைந்து நாளில் மெல்லத் திரும்பியது. வலது கை திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். இடது கையின் ஒரு விரலால் ஒழுங்குத்தாள் அடித்தார், கிழமை முழுக்க எடுத்து. பிழை இருக்கவில்லை. பிறகு ஒரு மாரி மழைக்குள் சளிக்காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். அதுதான் அந்த நோட்டீஸ்.

ஆனால் நான் சொல்லவந்தது வார்டில் நடந்தது. டொக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையில் ஒரு கத்தி கிடைத்ததுபோல இருந்தது. நாள் கழித்துத்தான் காட்டும். அப்படியென்றால் அன்ரி பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்றார். நோவு பிறகுதான் வந்தது. முதல் வாக்குமூலமும் சரி, இரண்டாவதும் சரி. செயலாளரும் லண்டன்காரனும் தப்ப இடமில்லை. அன்ரிக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். "பொலிஸ் வந்து எப்ப நோகத் தொடங்கினது எண்டு கேட்டால், ரெண்டு கிழமை கழிச்சு எண்டு சொல்லுங்கோ. விளங்குதோ?" அவர் கண்ணை மூடித் திறந்தார். ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

பொலிஸ் வருவதற்கு முதல் செயலாளர் வந்தார். ஒரு பை தோடம்பழம், ஒரு ஜெபம். ஜெபம் முடித்து ஆமென் சொன்ன கையோடு அன்ரியின் காதருகே குனிந்தார்.

"குளியலறையிலை விழுந்ததெண்டு சொன்னால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை அன்ரி. தம்பிக்கு அங்கை வேலையிலை பிரச்சினை வரும். நீங்கள் சபையிலை சாட்சி சொன்னனீங்கள் எல்லே."

அந்தத் தோடம்பழப் பையைத் தூக்கி அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். பழங்கள் வார்ட் முழுக்க உருண்டன. நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. நேர்ஸ் வந்து என்னைத்தான் வெளியே அனுப்பினார். திரும்பி வந்தபோது செயலாளர் போயிருந்தார். பக்கத்துக் கட்டில் மனுசி ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அன்ரி கூரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

மறுநாள் பத்து மணிபோல ஆஸ்பத்திரிப் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு பொலிஸ்காரர் வந்தார். எங்கள் பக்கத்துப் பெடியன்தான், அமைதியானவர். கட்டிலுக்குப் பக்கத்தில் வாங்கை இழுத்துப் போட்டு, புத்தகத்தை மடியில் விரித்தார். அன்ரி தன்னை நிமிர்த்தி இருத்தச் சொன்னார். மொட்டைத் தலையில் தையல். இடது கையால் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். கார், மாடு, கம்பம் என்று சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். ஒவ்வொன்றையும் பொலிஸ்காரரின் பேனை நிற்கும்வரை பார்த்து, நின்ற பிறகுதான் அடுத்ததைச் சொன்னார்.

"எப்ப நோகத் தொடங்கினது அம்மா?"

நான் அன்ரியைப் பார்த்தேன். ரெண்டு கிழமை, என்று வாயசைத்தேன்.

"அண்டைக்கே," என்றார் அன்ரி.

"முதல் வாக்குமூலத்திலை ஒண்டுமில்லை எண்டு கிடக்குதே?"

"அது பிழை. கண்ணாடியிலை அடிச்ச உடனை நொந்தது. தெரிஞ்சுகொண்டுதான் கையெழுத்து வைச்சனான். சபையிலை சொன்ன சாட்சியும் பிழை. ரெண்டும் என்ரை பிழை. அப்பிடியே எழுதுங்கோ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் கட்டியெழுப்பிய வழக்கை ஒரு சொல்லில் கவிழ்த்துவிட்டார். திரும்பவும் அந்தக் கோட்டு 'போல'. தெரிந்தே சொன்ன பொய் என்றால் லண்டன்காரனுக்கு இனி என்ன பயம்? வாயைத் திறக்கப் போனேன். பொலிஸ்காரர் முந்திக்கொண்டார்.

"அப்ப நோகுதெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

அன்ரி எழுதி முடிந்த பக்கத்தைப் பார்த்தார். ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்வார், யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் முன்பு ஒருமுறை கண்டிருக்கிறேன், சாட்சிக் கூண்டில் நின்றபோது.

"சொன்னனான். ஓட்டோவிலை. இவவுக்கு."

ஓட்டோவில் அவர் ஏதோ சொல்ல வந்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஏதோ இல்லை. எனக்கு வடிவாகக் கேட்டது. "பிள்ளை, தலைக்குள்ளை என்னவோ ஆடுற மாதிரிக் கிடக்கு. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருக்காத் திருப்பச் சொல்லுவமோ?" அவருடைய சீவியத்தில் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். பல்லைப் பிடுங்கும்போது கேட்காததை, பஸ்ஸில் கேட்காததை, என்னிடம் கேட்டார். "அது பயத்திலை வாறது அன்ரி. பேசாமல் வாங்கோ," என்றேன். எனக்கு ஏச இன்னும் ஆட்கள் மிச்சம் இருந்தார்கள். பிறகு அவர் கேட்கவில்லை. எனக்கும் அது மறந்துபோனது என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை. அதன் மேல் ஏறி நின்றுதான் அவ்வளவு நாளும் கத்தினேன்.

பொலிஸ்காரர் புதுப் பக்கம் புரட்டினார். என் பெயரைக் கேட்டு எழுதினார்.

"அம்மா உங்களுக்கு நோகுதெண்டு சொன்னவவோ?"

"ஓம்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

நான் தொடங்கினேன். அவன் போனைக் காட்டிக்கொண்டு கார் ஓட்டினது, செயலாளர் குனிந்து கேட்டது, எனக்குக் கோவம் வந்தது, கோவம் வந்தால் எனக்கு ஒண்டும் தெரியாது, அது பயம் எண்டுதான் நினைச்சனான், நான் ஏசிக்கொண்டிருந்தனான், எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தனான் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பொலிஸ்காரரின் பேனை பாதியில் நின்றுவிட்டது.

கட்டிலிலிருந்து அன்ரியின் இடது கை வந்து என் முழங்கையைத் தொட்டது.

"மெல்லச் சொல்லு பிள்ளை. அவர் எழுதவேணும்."